உம்மாவின் காப்பும் என் முதற் கணனியும்

தங்கச்சியின் மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருக்கிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் எங்களூர் சம்மாந்துறையிலேயே இருப்பதால் வீட்டிலிருந்தபடியே படிக்கப் போகிறாள். ஒரு நாள் அசருக்குப் பிறகு வந்து, கொப்பியில் கிழித்த தாளொன்றை என் முன்னால் வைத்தாள்.

"மாமா, கம்பியூட்டர் ஒண்டு எடுக்கணும். இதுக்குள்ள எது நல்லம் எண்டு பாத்துச் செல்லுங்க."

தாளில் இரண்டு நிரல்கள். ஒவ்வொரு நிரலிலும் முதல் வரி புரொசஸர். அதன் கீழே இரண்டு கோடுகள் வேறு இழுத்திருந்தாள். மற்றவையெல்லாம் அதன் கீழே சின்ன எழுத்தில் ஒதுங்கி நின்றன. தாளைக் கையில் எடுத்த எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குத்தவும் செய்தது. 2003ஆம் ஆண்டு இதேபோல ஒரு தாளை நானும் எழுதினேன். அதிலும் முதல் வரியின் கீழே இரண்டு கோடுகள் இருந்தன.

*

அப்போது நான் ஒலுவிலில் இரண்டாம் வருட மாணவன். காலையில் பஸ் ஏறிக் காரைதீவுச் சந்தியில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் நிந்தவூர் தாண்டிப் போக வேண்டும். எஸைன்மென்ட்களைத் தட்டச்சுச் செய்து கொடுக்கும் காலம் தொடங்கியிருந்தது. கையால் எழுதியதைக் கல்முனையில் ஒரு கொமியுனிக்கேஷனில் கொடுத்தால் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். பிழை திருத்த ஒரு தடவை, அதைத் திரும்பப் பார்க்க ஒரு தடவை என்று பஸ் காசும் சேர்ந்துவிடும். மஹாபொலப் பணம் மாதத்தின் பாதியிலேயே கரைந்துவிடும்.

அதைவிட இன்னொரு ஆசையும் இருந்தது. எங்கள் மூத்தம்மாவுக்குக் கவிகள் தெரியும். எங்கள் பகுதிப் பெண்கள் வயல் வேலையிலும் தொட்டிலடியிலும் கல்யாண வீடுகளிலும் சொல்லி வந்த நாட்டார் கவிகள். கடலுக்கப்பால் போனவனை நினைத்து, சீதனம் போதாதென்று கைவிட்டவனை நினைத்து, வாய்க்காலில் தண்ணீர் வராத வருடத்தை நினைத்து என்று விதம் விதமாகச் சொல்லுவா. எழுதப் படிக்கத் தெரியாது. ரேடியோக் கெசட்டில் பதியலாம் என்று கேட்டேன். "என்ட கொரல் வெளியால போகப்படாது மனே" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டா. எழுதிக்கொள்ள மட்டும் சம்மதம். ஒரு கணனி இருந்தால் அவ சொல்லச் சொல்ல நேரே தமிழில் தட்டிவிடலாம் என்று நான் கனவு கண்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்ன அன்று இரவுச் சாப்பாட்டில் யாரும் அதிகம் பேசவில்லை. வாப்பா கை கழுவிவிட்டு வந்து கேட்டார்:

"கம்பியூட்டர் இல்லாமப் படிக்கேலாதா மகன்?"

படிக்கலாம்தான். ஆனால் அந்த வயதில் அப்படியொரு உண்மையைச் சொல்ல வாய் வருமா? "கஷ்டம் வாப்பா" என்றேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் வாசகர்கள் அறிந்ததுதான். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் பேச வேண்டும். தங்கச்சியின் வீட்டுக்கு அத்திவாரம் போட்டு ஒரு வருடமாகியிருந்தது. அந்தப் போகத்து நெல்லில் முப்பது மூடை விற்ற காசு இருபத்தையாயிரம், சீமெந்துக்கென்று அலுமாரிக்குள் இருந்தது. உம்மாவின் கையில் ஐந்து பவுண் காப்புச் சோடி இருந்தது. அதுவும் தங்கச்சிக்கென்றுதான் இருந்தது.

"காப்பு கையில கெடந்து என்ன செய்யப் போகுது? புள்ளட படிப்புக்குத்தானே" என்றா உம்மா.

தங்கச்சி குசினி வாசலில் நின்றபடி, "காக்காக்கு எடுத்துக் குடுங்க வாப்பா. ஊட்டு வேலய மறுகா பாக்கலாம்" என்றாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது.

காப்பு அடகுக்குப் போனது. முப்பதாயிரம் கிடைத்தது. நெல்லுக் காசும் சேர்த்து மொத்தம் ஐம்பத்தையாயிரம் ரூபா.

*

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை வந்த பிறகு கொழும்புப் பயணம் இலேசாகியிருந்தது. இரவு பஸ்ஸில் ஏறி, விடிய முன்னர் புறக்கோட்டையில் இறங்கினேன். காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு நூறாம் இலக்க பஸ்ஸில் பம்பலப்பிட்டிக்குப் போனேன். அங்கே காலி வீதியில் யூனிட்டி பிளாசாவில் மாடிக்கு மாடி கணனிக் கடைகள். ஒவ்வொரு கடையிலும் அன்றைய விலைப்பட்டியல் தாளாகக் கிடைக்கும். பத்துக் கடைத் தாள்களைச் சேர்த்துக்கொண்டு படிக்கட்டில் குந்தியிருந்து கணக்குப் பார்த்தேன்.

நான் கடைசியில் நின்ற கடையில் இருந்தவர் கொழும்பு முஸ்லிம் ஒருவர், முப்பது வயதிருக்கும். என் கையிலிருந்த காசைக் கேட்டுவிட்டு அவரே ஒரு பட்டியல் எழுதினார். செலரோன் 1.7 கிகாஹேட்ஸ் புரொசஸர், 256 மெகாபைட் ரெம், 40 கிகாபைட் ஹார்ட் டிஸ்க், சீடீ ரைட்டர், புளொப்பி டிரைவ், 15 அங்குல மொனிட்டர், யூபீஎஸ். எல்லாம் சேர்த்து ஐம்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு.

நான் எழுதி வைத்திருந்த தாளில் முதல் வரி பென்டியம் ஃபோர். 2.4 கிகாஹேட்ஸ்.

"தம்பி, நான் செல்றதக் கேளுங்க" என்றார் அவர். "செலரோனப் போட்டு ரெம்மக் கூட்டி வைங்க. ரெண்டுக்கும் ஒரே சொக்கட். ரெண்டு வருஷம் போனா பென்டியம் ஃபோர் வெல கொறையும். அப்ப இதக் கழட்டிட்டு அதப் போடலாம். இந்த மதர்போர்ட் தாங்கும்."

அவர் சொன்னது சரியான ஆலோசனை. அன்று எனக்கு அது விற்காத சரக்கைத் தள்ளிவிடும் பேச்சாகவே பட்டது. ஊரிலிருந்து வந்த பையனை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கெம்பஸில் எவனாவது கணனி வாங்கினால் முதற் கேள்வி "பென்டியம் ஃபோரா?" என்பதுதான். "இல்லை, செலரோன்" என்று சொல்ல நான் தயாராக இல்லை.

பென்டியம் ஃபோருக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபா கூட. அந்தக் காசை எங்கே வெட்டுவது? யூபீஎஸ்ஸை எடுத்தேன்: நாலாயிரத்து ஐந்நூறு. சீடீ ரைட்டருக்குப் பதில் சாதாரண சீடீ ரொம்: இரண்டாயிரத்து ஐந்நூறு. ரெம்மைப் பாதியாக்கி 128: இரண்டாயிரம். ஒன்பதாயிரம் குறைந்தது. மொத்தம் ஐம்பத்துமூவாயிரம்.

கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. பில் எழுதும்போது மட்டும், "ஊர்ல கரண்ட் எப்படி?" என்று கேட்டார்.

"பரவாயில்ல நானா" என்றேன்.

அதுவும் பொய்தான். மழைக்காலத்தில் எங்களூரில் மின்சாரம் கண் சிமிட்டுவது போலப் போய்ப் போய் வரும்.

திரும்பி வந்த இரவில் மொனிட்டரைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. மஹியங்கனைக்குப் போகும் அந்தப் பதினெட்டு வளைவிலும் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்தபடியே இருந்தேன். அந்தக் காலத்து மொனிட்டரின் பாரம் தெரிந்தவர்களுக்கு என் தொடைகளின் நிலை விளங்கும்.

*

மேசையில் வைத்து முதன்முதலாக இயக்கியபோது முழு வீடும் வந்து நின்றது. உம்மா சேலைத் தலைப்பால் மொனிட்டரைத் துடைத்தா. காப்பில்லாத அந்தக் கையை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

இரண்டு வாரத்தில் விஷயம் விளங்கிவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பீயைத் திறந்து, வேர்டைத் திறந்து, கூடவே இன்னொன்றைத் திறந்தால் போதும், ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைக்கத் தொடங்கும். ரெம் போதாவிட்டால் கணனி அந்த வேலைக்கு ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பகுதியைப் பாவிக்கும். ரெம்மோடு ஒப்பிட்டால் ஹார்ட் டிஸ்க் ஆமை. அதோடு, தனியான கிராபிக்ஸ் கார்ட் இல்லாத அந்த மதர்போர்ட், திரைக்கென்றும் அதே 128இலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. நான் பெருமையாக வாங்கிய புரொசஸர் பெரும்பாலான நேரம் சும்மா இருந்து காத்துக்கொண்டிருந்தது. என்னோடு படித்த நிந்தவூர் நண்பன் செலரோனும் 256உம் வாங்கியிருந்தான். என் எஸைன்மென்ட் திறந்து முடிவதற்குள் அவன் ஒரு பக்கம் தட்டிவிடுவான்.

அது சின்னக் கவலை. ரெம்மைப் பிறகு வாங்கிப் போடலாம், ஆறு மாதத்தில் காசு சேர்த்துப் போட்டேன். கணனி வாங்குகிறவன் தெரிந்திருக்க வேண்டிய முதற் பாடம் இதுதான்: பிறகு கூட்டக்கூடியது எது, பிறகு திரும்பப் பெற முடியாதது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். புரொசஸர், ரெம், ஹார்ட் டிஸ்க், எல்லாமே முதலாவது வகை. இரண்டாவது வகையில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

பாமினி எழுத்துருவைப் போட்டுத் தமிழ் தட்டப் பழகினேன். 'எம்' விசையில் அகரம், 'கே' விசையில் மகரம். ஒரு மாதத்தில் விரல்கள் தாமாகவே ஓடத் தொடங்கின. மஃரிபுக்குப் பிறகு மூத்தம்மா கதிரையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருப்பா. வெற்றிலையை ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு மெல்லச் சொல்லுவா. நான் தட்டுவேன். சொல்லுக்குப் பொருள் கேட்டால் சிரிப்பா, சில நேரம் கோபிப்பா. சில கவிகளுக்குக் கதையும் உண்டு, யார் யாரைப் பார்த்து எந்த வயல் வரம்பில் சொன்னது என்று. அதையும் கீழே தட்டி வைத்தேன்.

ஒரு நாள் கேட்டா: "இதெல்லாம் இந்தப் பொட்டிக்குள்ளயா நிக்கும் மனே?"

"ஓம் மூத்தம்மா."

"அழிஞ்சி போகாதா?"

"கொப்பியெண்டா கறையான் திங்கும். இது அழியாது."

இந்த வார்த்தைகளை அவவிடம் நான்தான் சொன்னேன். கொப்பியில் எழுதிப் பிறகு தட்டுவது பழைய ஆட்களின் வேலை என்று நினைத்ததால் கொப்பியே பாவிக்கவில்லை.

2004 நோன்பு மாதத்தில், பத்தொன்பதாவது நோன்பன்று, மூத்தம்மா வபாத்தானா. அப்போது கணனியில் 143 கவிகள் இருந்தன.

பெருநாள் முடிந்து மாரி மழை பிடித்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு இரவு அந்தக் கவிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். மின்சாரம் போனது, வந்தது, மறுபடி போனது. மூன்றாம் தடவை வந்தபோது கணனிக்குள்ளிருந்து டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி. ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை என்றது அது.

கல்முனையில் கணனி திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். காதருகே வைத்துக் கேட்டார், நாடி பார்க்கிற பரிசாரியார் போல. ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு நிமிடத்துக்கு 7200 தடவை சுழல்கிறது, அதன் மேல் தொட்டும் தொடாமலும் ஒரு தலை ஓடுகிறது, மின்சாரம் இப்படிப் போய்ப் போய் வந்தால் என்றைக்காவது ஒரு நாள் இப்படித்தான் ஆகும் என்று விளக்கினார். "இது ஒரு நாள்ல நடந்ததில்ல தம்பி. யூபீஎஸ் இல்லையா?" என்றார். வெளிநாட்டுக்கு அனுப்பினால் எடுக்கலாமாம். அவர் சொன்ன தொகை கணனியின் விலையைவிடக் கூட.

யூபீஎஸ் என்பது மின்சாரம் போனால் பத்து நிமிடம் தாங்கும் ஒரு பெட்டி. எழுதியதைச் சேமித்து, கணனியை ஒழுங்காக நிறுத்த அந்தப் பத்து நிமிடம் போதும். அதை நாலாயிரத்து ஐந்நூறு ரூபாவுக்கு வெட்டியவன் நான். பல வருடங்களாக என்னை நானே இப்படித்தான் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதுவும் முழு உண்மையல்ல. யூபீஎஸ் இருந்தாலும் ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் சாகும், எந்த ஹார்ட் டிஸ்க்கும் சாகும். சீடீ ரைட்டர் இல்லாததுகூட ஒரு சாட்டுத்தான். 143 கவிகளும் கதைகளும் சேர்ந்த அந்த ஃபைல் ஒரு மெகாபைட்டும் இல்லை. கடையில் சில்லறைக் காசுக்கு விற்ற ஒரு புளொப்பிக்குள் அடங்கியிருக்கும். புளொப்பி டிரைவ் என் கணனியில் இருந்தது. ஐம்பத்துமூவாயிரம் கொடுத்து வாங்கியவனுக்கு ஒரு புளொப்பி வாங்கிப் பிரதி எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

அந்த மாதமே 26ஆம் திகதி சுனாமி வந்தது. எங்களூர் கடலை விட்டு உள்ளே இருப்பதால் தப்பியது. கரையோர ஊர்களிலிருந்து சனம் எங்கள் ஊருக்கு வந்தது. சாய்ந்தமருதிலிருந்து வந்த மாமி குடும்பம் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தது. உடுத்த உடுப்போடு வந்தவர்களின் முன்னால் ஹார்ட் டிஸ்க்கை நினைத்துக் கவலைப்பட எனக்கு வெட்கமாக இருந்தது. அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. தைப் பிறப்புக்குள் கடன்பட்டு ஒரு புதிய ஹார்ட் டிஸ்க் போட்டு, அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கடலோடு போனவர்களுக்கு விண்ணப்பக் கடிதங்கள் தட்டிக் கொடுத்தேன். எத்தனை என்று எண்ணவில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் புளொப்பியில் பிரதி எடுத்தேன்.

அடகில் போன காப்பு திரும்பவில்லை. வட்டி ஏறி, 2005இல் அதை விற்றுத் தங்கச்சியின் வீட்டுக்குக் கூரை போட்டார்கள். வீடு முடிந்து கல்யாணம் நடக்க ஒன்றரை வருடம் பிந்தியது. எனக்கு வேலை கிடைத்த பிறகு உம்மாவுக்குக் காப்பு வாங்கப் போனேன். "கை மெலிஞ்சி போச்சி. இனி எனக்குக் காப்பு எதுக்கு மகன்?" என்று தடுத்துவிட்டா.

*

மருமகளின் தாளை மேசையில் வைத்து, மறுபக்கத்தைத் திருப்பினேன். "இதுல மொதல்ல, கம்பியூட்டருக்குள்ள என்ன வைக்கப் போறீங்க எண்டு எழுதுங்க" என்றேன். விளங்காமல் பார்த்தாள்.

பிறகு இருவரும் இருந்து பட்டியல் போட்டோம். 2022இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றைம்பது தாண்டிப் போனதன் பிறகு புதுக் கணனி என்பது மாணவர்களுக்கு எட்டாக்கனிதான். வீட்டிலேயே வைத்துப் படிக்கிறவளுக்கு மடிக்கணனி கட்டாயமில்லை. அலுவலகங்கள் பாவித்துக் கழித்த மேசைக் கணனிகளைத் துப்புரவாக்கி உத்தரவாதத்தோடு விற்கிறார்கள். அதில் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்ததை எடுக்க வேண்டாம் என்றேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதற்கு முந்தியவை பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் இல்லை. எட்டு கிகாபைட் ரெம் இப்போதைக்குப் போதும், இன்னொரு எட்டைச் செருக இடம் இருக்கிறதா என்று மட்டும் பார். சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டீ. அவள் கோடிழுத்த ஐ7ஐ வெட்டி ஐ5 ஆக்கினேன். மிஞ்சிய காசில் யூபீஎஸ் ஒன்றும், பிரதி எடுத்து வைக்க வெளியில் கொளுவும் டிரைவ் ஒன்றும் எழுதினேன்.

"யூபீஎஸ் இப்ப என்னத்துக்கு மாமா? கரண்ட் போறதில்லயே."

"2022ல ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் போனது ஞாபகமில்லயா?" என்றேன். அப்போது அவள் சின்னப் பிள்ளை. ஆனாலும் குப்பிலாம்பு வெளிச்சத்தில் படித்தது ஞாபகமிருந்தது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தங்கச்சி, அவள் எழுதி முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "காக்கா, அந்த முப்பத்தொரு கவியயும் இவளுக்குப் போட்டுக் குடுங்க" என்றாள்.

வாசகர்களுக்கு இதைச் சொல்ல மறந்துவிட்டேன். 2004 தொடக்கத்தில் நிந்தவூர் நண்பன் கேட்டானென்று ஒரே ஒரு தடவை ஒரு புளொப்பியில் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தேன். அன்றைக்குத் தட்டி முடித்திருந்தது 31 கவிகள். கடலுக்குப் பயந்து மேல்மாடிக்கு எடுத்துப் போன சாமான்களுக்குள் அந்தப் புளொப்பியும் இருந்ததாம். 2006இல் அவன் அதைக் கொண்டுவந்து தந்தபோது வாசிக்க முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.

கணனி வந்த அன்று மருமகள் அந்த ஃபைலைத் தன் எஸ்எஸ்டீயிலும் வெளி டிரைவிலும் ஏற்றினாள். பிறகு, நான் சொல்லாமலேயே, ஒரு கொப்பியை எடுத்துக் கையாலும் எழுதத் தொடங்கினாள். இடையில் ஒரு கவியின் கடைசி அடி என்னவென்று தாயிடம் கேட்டாள். என் பிரதியில் அது அரைவாசியில் நின்றிருந்தது. தங்கச்சி யோசித்துப் பார்த்துவிட்டு, "மூத்தம்மாக்குத்தான் தெரியும்" என்றாள்.